கொம்பிறசர் அறையின் மணி

அத்தியாயம் 7

மணி அடித்தால் மனிதர்கள் வெளியே ஓடுவார்கள். தன்னாமுனையில் வாவிக்கரையோரம் இருந்த அந்த ஐஸ் பெக்டரியில் மட்டும், மணி அடித்ததும் ஒருவர் மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியுமாக உள்ளே போனார்.

அதைப் பார்த்த றொனால்ட் ஓரடி பின்வாங்கினான். அது சோற்றுக்கு அடிக்கிற மணியல்ல. ஐஸ் உறையவைக்கிற கொம்பிறசர் மெசின் ஓடும் அறைக்குள் அமோனியா வாயு கசிந்தால் எச்சரிப்பதற்கென்று சுவரில் பூட்டிய மணி. அமோனியாவை நன்றாக ஒரு மூச்சு இழுத்தவன் அடுத்த மூச்சைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்று தனுஷியா வரும் வழியிலேயே சொல்லியிருந்தாள். அவள் எதையும் இப்படி ஆறுதலாகத்தான் சொல்வாள்.

"அக்கா, நான் போய் வானோட நிக்கட்டா? தனிய நிக்குது, பயந்திரும்."

"வான் பயப்பிடாது. நீ நில்லு."

தனுஷியா முன்பு காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக எரிந்த கடைகளையும் மூழ்கிய வள்ளங்களையும் ஆராய்ந்தவள். இப்போது மட்டக்களப்பு நகரத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். றொனால்ட் அவளுடைய வான் சாரதி, தேத்தண்ணீர் ஊற்றுபவன், உதவியாளன், எல்லாம். பயம் ஏற ஏற அவனுக்கு வாய் நீளும். அன்று காலையிலிருந்து அது மூடவேயில்லை.

உள்ளே போன அன்ரோதான் அவர்கள் காப்பாற்ற வந்த ஆள். முந்தின நாள் அவருடைய மனைவி றொசானி அலுவலகத்துக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அழாமல் பேசினாள்.

"நாளை மறுநாள் என்ட மனுசன் கோட்டில சாட்சி சொல்லப் போறார். அதுக்கு முதல் அவர உசிரோட விடமாட்டாங்க மிஸ்."

"முதலாளி வெருட்டினவரா?"

"இல்ல மிஸ். சாட்சி சொல்லாத எண்டு ஒரு சொல்லுக் கேக்கல்ல. முந்தி மாதிரியே சிரிச்சுக் கதைக்கிறார். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

சாட்சி வல்லிபுரத்தாரின் சாவைப் பற்றியது. சில மாதங்களுக்கு முன்பு இதே அறையில் குழாய் மூட்டு ஒன்று வெடித்து வாயு பரவியபோது, மெசினைப் பார்த்துக்கொண்டிருந்த வல்லிபுரத்தார் பின்கதவுக்கு ஓடியிருக்கிறார். கதவு திறக்கவில்லை. ஐஸ் கட்டிகள் அந்த வழியால் களவு போகின்றன என்று முதலாளி நோபேட் வெளியே ஆமைப்பூட்டுப் போட்டிருந்தார். சத்தம் கேட்டுச் சுற்றிக்கொண்டு ஓடிய அன்ரோ அந்தப் பூட்டைக் கண்ணால் கண்டார். பொலிஸ் வருவதற்குள் பூட்டு காணாமல் போயிற்று. கதவு திறந்துதான் கிடந்தது, மனுசன் மயங்கி விழுந்துவிட்டார் என்று நோபேட் சொல்லிவிட்டார். பூட்டைக் கண்டது அன்ரோ ஒருவர்தான்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் மணி தன்பாட்டில் அடிக்கத் தொடங்கியது. ஓடிப் பார்த்தால் வாயு இல்லை. கூப்பிடுவது வல்லிபுரத்தார்தான் என்று ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருநாள் அன்ரோ மனம் பொறுக்காமல், அவர் விழுந்து கிடந்த இடத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். மணி நின்றது. அன்றைக்குப் பிறகு மணி அடித்தால் அன்ரோ திரியோடு போவதும், மற்றவர்கள் முற்றத்தில் நின்று கும்பிடுவதும் வழக்கமாகிவிட்டது.

இப்போதும் அப்படியே நடந்தது. திரி எரிந்தது, மணி நின்றது, அன்ரோ சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்கா, வேலை முடிஞ்சுது. பேய்தான். பேய்க்கு நாங்க பில் போட ஏலாது, வாங்க போவம்."

தனுஷியா அவனைக் கவனிக்கவில்லை. "அன்ரோ அண்ணே, இப்ப மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முதல் என்ன செய்தீங்க?"

"மோட்டரப் போட்ட நான். வேற ஒண்டும் இல்ல."

"மோட்டர் வேகம் ஏறி முடியிறதுக்கும் நீங்க திரி கொளுத்தி முடியிறதுக்கும் எவ்வளவு நேரம் எடுக்கும்?"

அன்ரோ யோசித்தார். அவருடைய முகம் மாறியது. "ரெண்டும் ஒரே அளவுதான் மிஸ்."

"அப்ப மணி திரிக்கு நிக்கல்ல. மோட்டருக்கு நிக்குது. றொனால்ட், உன்ட றேடியோவ எடு. மத்திய அலையில போடு."

கிரிக்கெட் கேட்பதற்கென்று றொனால்டின் பையில் ஒரு சின்ன றேடியோ எப்போதும் கிடக்கும். "மத்திய அலையில இப்ப ஒண்டும் வாறல்ல அக்கா. வெறும் இரைச்சல்தான்."

"இரைச்சல்தான் வேணும்."

அன்ரோ மோட்டரை நிறுத்தி மறுபடி போட்டார். மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் பெட்டி மெல்ல விசிலடித்தது. அந்த நொடியே றேடியோ பிடிபட்ட பன்றியைப்போல அலறியது. கூடவே மணியும் அடித்தது. றொனால்ட் கையிலிருந்ததைக் கீழே போடப் போனான்.

"போடாத. அதச் சுவரோட கொண்டு போ."

ஒரு சுவரோரம் கொண்டுபோனால் அலறல் தேய்ந்தது. மற்றச் சுவரில் வயர்கள் ஓடும் பிளாஸ்டிக் கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காது கிழிந்தது. தனுஷியா அந்தக் கூட்டின் மூடியைக் கழற்றினாள். மோட்டருக்குப் போகிற தடித்த வயரும், வாயுவை மோப்பம் பிடிக்கிற சென்சரின் மெல்லிய வயரும் உள்ளே ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன.

"இந்தா கிடக்கு உன்ட பேய்," என்றாள்.

இன்வெர்ட்டரைப் பொருத்திய மின்வேலைக்கார யதுர்ஷனைப் போனில் கூப்பிட்டதும், அவன் கிரானிலிருந்து மோட்டார்சைக்கிளில் பறந்து வந்தான். கூட்டைப் பார்த்ததும் கோபத்தில் முகம் சிவந்தது.

"இத நான் செய்யல்ல மிஸ். இன்வெர்ட்டர் கரண்டத் துண்டு துண்டா வெட்டித்தான் மோட்டருக்குக் குடுக்கிற. மோட்டர் வேகம் ஏறி முடியும்வரைக்கும் அந்த வயர் பெரிசாக் கத்தும். அதுக்குப் பக்கத்தில சென்சர் வயரப் போட்டா, அந்தக் கத்தல அது வாயு எண்டு நினைச்சு மணிய அடிக்கும். நான் அத மற்றச் சுவரால இரும்புக் குழாய்க்குள்ள தனியாக் கொண்டு போன. வயரச் சுத்தி, கத்தலத் தடுக்கிற கம்பி வலைச் சட்டையும் இருந்த, அத எர்த்தில குடுத்த. இப்ப பாருங்க, சட்டைய வெட்டி விட்டிருக்கு."

"நீ சொல்லுறத நம்புறதுக்கு என்ன கிடக்கு?" என்றான் றொனால்ட்.

தனுஷியா ஏற்கெனவே எதிர்ச் சுவருக்குப் போயிருந்தாள். வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு ஓடியது. குழாய் இருந்த இடம். பெயின்ற் அடித்தபோது குழாய் அங்கே இருந்தபடியால் அதன் பின்னால் பழைய பச்சை அப்படியே தங்கிவிட்டது.

"இந்தச் சுவருக்கு எப்ப பெயின்ற் அடிச்ச?"

"வல்லிபுரத்தார் செத்த பிறகு, ஃபாதர் வந்து ஆசீர்வதிக்கிறதுக்காக," என்றார் அன்ரோ.

"அப்ப குழாயக் கழட்டினது அதுக்கும் பிறகு. ஆரோ ஒராள் இருந்து பேயச் செய்திருக்கு."

றொனால்டுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. பேய் இல்லை. மறுகணமே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பேய்க்கு அவன்மேல் கோபம் வர எந்தக் காரணமும் இல்லை. ஆனால் இதைச் செய்தவன் உயிரோடு, ஒருவேளை இதே முற்றத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறான்.

யதுர்ஷன் இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டியிருந்த நைலோன் நூலை விரலால் சுண்டினான். "நான் பிளாஸ்டிக் பட்டிதான் போடுற. இது வலை முடியிற நூல், வலைக்காரர்ட முடிச்சு. எங்கட வட்டைக்க நெல்லுத்தான் விளையும், மீன் விளையாது. எனக்கு இந்த முடிச்சுத் தெரியாது."

"மாரி வெள்ளத்தில ரெண்டும் விளையும்," என்றான் றொனால்ட்.

யதுர்ஷன் சென்சர் வயரைப் பிரித்தெடுத்துப் பழைய பச்சைக் கோட்டின் வழியே கொண்டுபோனான். கம்பிச் சட்டையைச் சுரண்டி எர்த்தில் இறுக்கினான். இன்வெர்ட்டர் கரண்டை வெட்டுகிற வேகத்தையும் கொஞ்சம் குறைத்துவிட்டான். அன்ரோ மோட்டரைப் போட்டார். அது முனகி, எழும்பி, முழு வேகத்துக்குப் போயிற்று. எல்லோரும் மணியையே பார்த்தார்கள். மணி வாயே திறக்கவில்லை. றேடியோவைச் சென்சர் வயரோடு ஒட்டிப் பிடித்தபோது ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

வாசலில் கைதட்டும் சத்தம். நோபேட் சிரித்த முகத்தோடு நின்றார். காலையிலிருந்து அவர் இவர்களுக்குச் சோடா அனுப்பிக்கொண்டிருந்தார். வரவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பாத்தீங்களா மிஸ், நான் சொன்னன்தானே. இந்த மணியே பிழை. நாளைக்கு ஆரும் கேட்டா நீங்களும் சொல்லோணும், மணிதான் பிழை எண்டு."

"மணி பிழையில்ல," என்றாள் தனுஷியா. "இனி அடிச்சா அது உண்மையாத்தான் அடிக்கும். அன்ரோ அண்ணே, இனித் திரி கொளுத்திறதெண்டா வெளியில கொளுத்துங்க. மணி கேட்டா ஓடோணும்."

இதை நோபேட்டின் காதில் விழச் சொன்னதற்காகப் பிறகு பல நாள் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். நோபேட்டின் சிரிப்பு ஒரு கணம் அப்படியே நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

"நல்லதுதானே. அன்ரோ, மோட்டர நிப்பாட்டு. எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. நான் கதவச் சாத்திப்போட்டு வாறன்."

அவர் கையில் சாவிக்கொத்தைச் சுழற்றினார். சாவிகள் நைலோன் நூலில் கோத்துக் கிடந்தன. நுனியில் அதே வலை முடிச்சு. றொனால்டின் கண் அதில் விழுந்தது. தனுஷியாவின் கையைச் சுரண்டினான்.

"கண்ட நான்," என்றாள் அவள் உதட்டை அசைக்காமல். "வாயத் திறக்காத. நானும் யதுர்ஷனும் படலையடியில எர்த் கம்பி எப்பிடிக் கிடக்கெண்டு பாத்திட்டு வாறம். நீ அன்ரோவ விட்டு அசையாத."

பூவரச மரத்தடியில் அன்ரோ சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். றொனால்ட் பக்கத்தில் குந்தினான். நோபேட் கொம்பிறசர் அறையிலிருந்து கடைசியாக வெளியே வந்து, ஐஸ் அறையின் பக்கம் திரும்பி மறைந்தார். கதவைச் சாத்துகிறேன் என்றவர் அதைச் சாத்தாமலே விட்டிருந்தார். றொனால்ட் அதைக் கண்டான். ஆனால் பொரித்த மீன் கையில் இருந்ததால் அது மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

மணி அடித்தது.

"யதுர்ஷன்ட வேலை சோறு திண்டு முடியும்வரைக்கும் தாங்கல்லியே," என்று றொனால்ட் சிரித்தான். அன்ரோவும் பாதிச் சிரிப்போடு கையை உதறினார். மாதக்கணக்காகப் பழகிய கால்கள். தனுஷியா சொன்னது காதில் விழுந்திருந்தாலும் அந்தக் கால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. திரியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

றொனால்ட் வழக்கம்போல றேடியோவைக் காதில் வைத்தான். அலறல் இல்லை. மெல்லிய காற்றிரைச்சல் மட்டும். பற்றறி தீர்ந்ததோ என்று குலுக்கினான். மோட்டரைத்தான் நிறுத்தியாயிற்றே. இன்வெர்ட்டரும் ஓடவில்லை. எந்த வயரும் கத்தவில்லை. அப்படியென்றால் மணியை அடிப்பது யார்?

வல்லிபுரத்தார் என்று ஒரு கணம் நினைத்தான். அவராகவே இருக்கவேண்டும் என்று மனதார ஆசைப்பட்டான். ஏனென்றால் மற்றப் பதில் ஒன்றுதான் இருந்தது.

"அன்ரோ அண்ணே, நில்லுங்க."

அன்ரோ உள்ளே போய்விட்டார்.

றொனால்ட் வீரன் இல்லை. அதை அவனே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். வாசல்வரை ஓடினான், வாசலில் நின்றான். உள்ளேயிருந்து வந்த வாடை மூக்கில் அறைந்தது. கண்ணில் நீர் கொட்டியது. அந்த நீருக்கூடாக, பின்கதவடியில் முழங்காலில் சாய்ந்துகொண்டிருந்த அன்ரோ தெரிந்தார். அவன் சட்டையைக் கழற்றி, பாதிக் குடித்த சோடாவை அதில் ஊற்றி, வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனான். அம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனான்.

மெசினின் அடியில், எண்ணெய் வடிக்கிற வால்வு சீறிக்கொண்டிருந்தது. யாரோ அதை நன்றாகத் திறந்துவிட்டிருந்தார்கள்.

அன்ரோவின் தோளைப் பிடித்து இழுத்தபோது பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. வெளிச்சம் ஒடுங்கியது. முன்கதவு தானாக ஓடிச் சாத்தியதுபோல இருந்தது. தானாக ஓடுகிற கதவுக்கு வெளியே கொண்டி விழாது. கொண்டி விழுகிற சத்தம் நன்றாகவே கேட்டது.

"நிலத்தோட கிட," என்று அன்ரோ கரகரத்தார். "காஸ் மேலதான் போகும்." அதற்குமேல் அவருக்குக் குரல் வரவில்லை.

இருவரும் நிலத்தில் ஊர்ந்து பின்கதவை அடைந்தார்கள். றொனால்ட் அதில் அடித்தான். உதைத்தான். கதவு ஒரு விரல் அளவு அசைந்து, வெளியே ஏதோ தடுக்கி நின்றது. மறுபடி அசைந்தது, மறுபடி அதே இடத்தில் நின்றது. அந்த விரல் அளவு இடுக்கில் வாவியின் காற்று வந்தது. வாவி அவ்வளவு பக்கத்தில் இருந்தது. நெஞ்சு எரிந்தது. இப்படித்தான் அந்த மனிதரும் இங்கே கிடந்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் தன் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"றொனால்ட்," தனுஷியாவின் குரல் இடுக்கால் வந்தது. "கதவ விட்டுத் தள்ளிக் கிட. யதுர்ஷன், அடி."

ஐஸ் உடைக்கிற அலவாங்குக் கம்பி பூட்டில் இறங்கியது. முதல் அடியில் சத்தம் மட்டும் வந்தது. மூன்றாவதிலோ நான்காவதிலோ கதவு பிளந்தது. பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. யாரோ றொனால்டின் காலைப் பிடித்து இழுத்தார்கள். முகம் வாவித் தண்ணீரில் தாழ்ந்தது. உப்புத் தண்ணீர், சேறு, செத்த மீன் வாடை. அவன் குடித்தான், துப்பினான், மறுபடி முகத்தைத் தாழ்த்தினான்.

தலையை நிமிர்த்தியபோது நோபேட் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார். "மாதாவே, என்ன நடந்த? அன்ரோ, மகன்..."

அன்ரோ வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. தொண்டை வெந்துபோயிருந்தது. நோபேட் குனிந்து அந்த வாயையே பார்த்தார்.

"ஐயோ பாவம். இனி நாளைக்கு இவருக்குக் கதைக்க ஏலாதே."

தனுஷியா சேற்றில் கிடந்த ஆமைப்பூட்டைக் கைக்குட்டையால் எடுத்தாள். புதுப்பூட்டு. "பொய் மணிக்கு உள்ள போகப் பழக்கினது, உண்மை மணிக்கும் போக வைக்கத்தான். இதுக்குச் சாவி உங்கட கொத்தில கிடக்கா எண்டு பொலிஸ் வந்து பாக்கட்டும்."

"ஆர் போட்டதெண்டு எனக்கென்ன தெரியும்? காலையில நான் பாக்கேக்க கதவு திறந்துதான் கிடந்த. முந்தியும் திறந்துதான் கிடந்த. இது பூட்டிக் கிடந்ததக் கண்டதெண்டு சொல்லுறதுக்கு ஆர் இருக்கு?"

"நான் இருக்கிறன்," என்றான் றொனால்ட். சேற்றில் கையூன்றி எழும்பப் பார்த்தான், முடியவில்லை, இருந்தபடியே சொன்னான். "அந்தக் கதவு எவ்வளவு அசையும், எங்க போய்த் தடுக்கும் எண்டு எனக்குத் தெரியும். வல்லிபுரத்தாருக்குச் சொல்லக் கிடைக்கல்ல. நான் சொல்லுவன். அன்ரோ அண்ணனுக்குக் குரல் வந்த பிறகு அவரும் சொல்லுவார்."

நோபேட் படலை வாசலின் பக்கம் திரும்பினார். அங்கே யதுர்ஷன் அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றான். தனுஷியா ஏற்கெனவே பொலிஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்போது அன்ரோவின் பையில் போன் அடித்தது. ஈரக் கையால் எடுத்தார். திரையில் றொசானி. பெக்டரியில் மணி நிற்காமல் அடிக்கிறதென்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"கேக்குதா? என்னங்க, கேக்குதா? ஏன் கதைக்கிறீங்க இல்ல?"

அன்ரோ போனை இரண்டு கையாலும் பிடித்தார். உதடுகள் அவளுடைய பெயரைச் சொல்லின. சத்தம் வரவில்லை. அந்தப் பக்கம் குரல் உடையத் தொடங்கியது. அவர் போனை றொனால்டிடம் நீட்டினார்.

"அக்கா, றொனால்ட் கதைக்கிறன். அண்ணன் இருக்கிறார். பக்கத்தில இருக்கிறார்."

"பொய் சொல்லாதடா. இருந்தா அவரிட்டக் குடு."

றொனால்டுக்கு வேறு வழி தெரியவில்லை. போனை அன்ரோவின் வாயருகே பிடித்தான். அன்ரோ இருமினார். நெஞ்சு பிய்ந்து வருகிற இருமல், நிற்க நேரம் எடுத்தது.

"அவர்தான்," என்றாள் றொசானி. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.